ஓடக்காரியின் கண்ணுக்கு ஒரு பிராது

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ஆடு காணாமல் போனதற்குப் பிராது கட்டியவர்கள் உண்டு. வரப்பைத் தள்ளிப் போட்ட பங்காளி மேல் கட்டியவர்கள் உண்டு. குடித்துவிட்டு வந்து சட்டியை உடைக்கிற புருஷன் மேல் கட்டியவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒரு சினிமா டைரக்டர் மேல் பிராது கட்டியவர், நமக்குத் தெரிந்து, விருத்தாசலம் குருமூர்த்தி ஒருவர்தான்.

புதன்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, முழுநீள வெள்ளைத்தாளில் ஓரம் விட்டு எழுதிக்கொண்டு போனார். செராமிக் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக வேலை பார்க்கும் குருமூர்த்தியாகிய நான் கொளஞ்சியப்பர் சமூகத்துக்குச் செய்துகொள்ளும் பிராது என்னவென்றால், ‘ஒன்பது வாசல் தீவு’ என்னும் ஐந்து பாக மாயக்கதையைப் படமாக எடுத்துள்ள மேற்படி எதிரி, அதில் வரும் ஒற்றைக்கண் ஓடக்காரி நீலாயிக்கு இரண்டு கண் வைத்திருக்கிறார். உப்பால் ஆன ஒன்பதாம் வாசலைக் கண்ணாடியில் கட்டியிருக்கிறார். ஆகவே படம் எட்டே நாளில் தியேட்டரை விட்டு ஓடும்படி சாமி ஆவன செய்யவேண்டும்.

கோயில் சிப்பந்தி அதை இரண்டு தடவை படித்தார். நிலத் தகராறா என்று கேட்டார். இலக்கியத் தகராறு என்றார் குருமூர்த்தி. சாமிக்கு எல்லாத் தகராறும் ஒன்றுதான் என்று சொல்லி, தாளைச் சாமி காலடியில் வைத்து எடுத்து, விபூதியோடு மடித்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டச் சொன்னார். மூன்று நாளில் தீரும், தப்பினால் மூன்று வாரம், ரொம்பச் சிக்கலான வழக்கு என்றால் மூன்று மாதம். இடையில் சமாதானம் ஆகிவிட்டால் மறக்காமல் வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும், சாமியைச் சும்மா அலைய விடக்கூடாது என்றும் சொன்னார். சமாதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று குருமூர்த்தி சொல்லிவிட்டு வந்தார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த ஐந்து பாகத்தையும் பதினோரு தடவை படித்தவர் அவர். சூளை எரிகிற நேரத்தில் மேஸ்திரிக்கு சூளை ஜன்னலின் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்ப்பதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. மற்றவர்கள் அந்த நேரத்தில் சீட்டாடினார்கள். குருமூர்த்தி தீவுக்குப் போய்விட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸ் ஆனந்தராஜையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து வாசகர் வட்டம் வைத்து, ஆனந்தராஜைச் செயலாளராக்கி, தானே தலைவராகவும் ஆகிவிட்டார். படத்தின் டிரெய்லர் வந்த அன்று வட்டத்தின் வாட்ஸப் குழுவில் தலைவர் குரலிலேயே ஒரு செய்தி போட்டார். படத்தைப் பார்க்கிறவன் வாசகனே இல்லை, வட்டத்திலும் இல்லை. மூன்று பேரும் கைகூப்பும் படம் போட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. வீட்டில்தான் ஒரு சின்னச் சிக்கல்.

அவர் மனைவி பூங்கோதை, அவர் கம்பெனி இருக்கிற தொழிற்பேட்டையிலேயே பொம்மைக் கம்பெனி ஒன்றில் கண் எழுதுகிறவள். குருமூர்த்தியின் சூளையிலிருந்து வெள்ளை வெளேர் என்று வருகிற பொம்மைகளுக்கு மற்றவர்கள் புடவை, நகை எல்லாம் வரைந்து முடித்ததும், கடைசியில் இவளிடம் வரும். ஒரு நாளைக்கு முந்நூறு கண். பொம்மை முழித்துப் பார்க்க வேண்டுமா, குனிந்து பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் அவள் கையில். அப்படிப்பட்டவள் புதன்கிழமை மதியச் சாப்பாட்டில் மோர் ஊற்றும்போது, ஞாயிற்றுக்கிழமை நாமும் அந்தப் படத்துக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டாள்.

குருமூர்த்தி கையைத் தட்டிலேயே உதறினார்.

“நான் காலையிலதான் பிராது கட்டிட்டு வந்திருக்கேன். நீ சாயங்காலம் படத்துக்குக் கூப்புடுற.”

“சாயங்காலம் இல்லீங்க. ஞாயித்துக்கெழம.”

“அஞ்சு பாகத்த ரெண்டே முக்கா மணி நேரத்துல சுருக்கியிருக்கான். அத நான் பாக்கணுமா?”

பூங்கோதை மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். “அச்சுல ஊத்துறப்ப பொம்ம எம்மாம் பெருசா இருக்குது. சூளையில வெந்து வெளிய வர்றப்ப எட்டுல ஒரு பங்கு சுருங்கிப் போவுது. நீங்கதானே சுடுறீங்க. அதுக்காவ பொம்ம வேணாம்னு யாரு சொல்றாங்க?”

பதில் சொல்ல முடியாத கேள்விக்குக் குருமூர்த்தி எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னார். உனக்கு இதெல்லாம் புரியாது என்றார். புத்தகத்தை ஒரு பக்கம் படித்திருந்தால் இப்படிப் பேச மாட்டாய் என்றார். ஓடக்காரிக்கு இரண்டு கண் என்றால் அது ஓடக்காரியே இல்லை என்று கண் எழுதுகிறவளுக்கே பாடம் நடத்தினார்.

“சரிங்க,” என்றாள் பூங்கோதை.

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் பூங்கோதை சரிங்க என்று ஒரே வார்த்தையில் நிறுத்திய தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு தடவையும் குருமூர்த்திக்கு ஏதாவது ஆகியிருக்கிறது. அந்த மனிதர் அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் இன்னொரு கரண்டி மோர் கேட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை, வேலை விட்டதும் ஆனந்தராஜின் மனைவி வாசுகியோடு கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பூங்கோதை போனில் சொன்னாள். வாசுகியும் அதே கம்பெனியில் பொம்மைக்கு ஜடை எழுதுகிறவள். குருமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி. புருஷன் கட்டிய பிராது பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போகிறாள். நன்றாக வேண்டிக்கொள் என்று அவரே சொல்லியும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. அன்று மத்தியானம்வரை குருமூர்த்தி சிங்கம்போல இருந்தார். அதற்கு மேல் போன் அவரை விடவில்லை. முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் ஒன்பதாம் வாசலைப் பற்றி எழுதினார்கள். இடைவேளைக் காட்சியில் மூச்சே நின்றுவிட்டதாக ஒருவன். நீலாயிக்காக மறுபடி போகப் போவதாக ஒருத்தி. இடைவேளையில் என்னதான் ஆகிறது என்று ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை. அதைச் சொன்னால் சுவை கெட்டுவிடுமாம். நெருப்பைப் பார்க்க வேண்டிய மேஸ்திரி போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு வண்டி அகல்விளக்கு நிறம் மாறி வெந்தது.

சனிக்கிழமை காலையில் அவருக்குச் சட்டம் பிடிபட்டது. வழக்குப் போட்டவனிடம் சாட்சி இருக்க வேண்டாமா? டிரெய்லரை மட்டும் வைத்துக்கொண்டு எதிரியின் குற்றத்தை எப்படி நிரூபிப்பது? படத்தைப் பார்ப்பது வேறு, ஆதாரம் சேகரிப்பது வேறு. சாமியே கேட்டாலும் இதைச் சொல்லலாம். பூங்கோதை கேட்டால் சொல்ல முடியாது என்பதால் அவளிடம், இன்றைக்குச் சூளை இறக்க வேண்டும், வர ஏழு மணி ஆகும் என்றார். கம்பெனியில் வயிற்றுவலி என்றார். உள்ளூர் தியேட்டரில் தெரிந்த முகம் இருக்கும் என்று, ஹெல்மெட்டோடு நெய்வேலிக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் எதற்கு ஹெல்மெட் என்று கண்டக்டர் கேட்டதற்கு, வண்டி அங்கே நிற்கிறது என்றார்.

முதல் பத்து நிமிஷம் பிரமாதமாக இருந்தது. தப்புக்கு மேல் தப்பு. கோட்டை தெற்கே இருந்தது. இளவரசன் மின்னவனுக்கு மீசை இருந்தது. குருமூர்த்தி எல்லாவற்றையும் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். பதினோராவது நிமிஷம் நீலாயி ஓடத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கண்ணோடுதான் வந்தாள். குருமூர்த்தி அதையும் குறித்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தீவைக் காக்கிற கழுகு வழியை மறித்துக்கொண்டு கூலி கேட்டது. நீலாயி முந்தானையால் முகத்தின் ஒரு பக்கத்தை மூடினாள். துணி விலகியபோது அவளுக்கு ஒரு கண்தான் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கிற இளவரசனுக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்குத் துடுப்பைப் போட்டாள்.

நீலாயிக்குக் கண் எப்படிப் போயிற்று என்று புத்தகத்தில் ஓரிடத்திலும் எழுதியிருக்காது. பதினோரு தடவையும் குருமூர்த்தி தேடியிருக்கிறார். ஐந்தாம் பாகத்து அடிக்குறிப்பில்கூடத் தேடியிருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தவர் அப்புறம் எடுக்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் அழுவது எவ்வளவு கஷ்டம் என்றும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்கு ஒரே பயம். படம் நன்றாயிருக்கிறதே, பிராது கட்டித் தொலைத்தோமே, கொளஞ்சியப்பர் வேகமான சாமியாயிற்றே, பலித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தார். அதற்கு முன்னால் வீடு ஒன்று இருந்தது. சூளை இறக்கியவன் சட்டை சலவை மடிப்போடு போனால் சரியாக இருக்குமா? தொழிற்பேட்டை வாசலில் இறங்கி, அச்சு ஊற்றுகிற கொட்டகையில் நுழைந்து, தொட்டியிலிருந்த மண் களியை ஒரு கை அள்ளி முழங்கை வரைக்கும் பூசினார். சட்டையிலும் இரண்டு இடத்தில் இழுத்துவிட்டார். பார்ப்பதற்கு எட்டு மணி நேரம் உழைத்த ஆள்போலவே இருந்தது.

பூங்கோதை கதவைத் திறந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள், வண்டி இல்லாமல் வந்தவர் கையிலிருந்த ஹெல்மெட்டையும் சேர்த்து.

“சூளை எறக்கியாச்சாங்க?”

“ரெண்டு வண்டி சாமான். இடுப்பு விட்டுப் போச்சி.”

வெந்நீர் வைத்துத் தருவதாகச் சொன்னாள். அதற்குள் சூடாக நாலு தோசை சாப்பிடுங்கள் என்றாள். தேங்காய்ச் சட்டினியும் இருந்தது. குருமூர்த்திக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. இரண்டாவது தோசையைப் போட்டபடி பூங்கோதை சாதாரணமாகச் சொன்னாள்.

“வாசுகி நேத்து படத்த பாத்துட்டு வந்துட்டாளாம்.”

குருமூர்த்தி சட்டினியையே பார்த்தார். “பாக்கட்டும். நமக்கென்னா.”

“நீங்க சொன்னது சரியாத்தான் இருக்குது. ரொம்ப மட்டமாம். அதுலயும் கடைசில அந்த ஓடக்காரி, ஓடத்தோட தண்ணில முங்கிச் செத்துப் போறாளாம். அந்தக் கட்டத்துல ஒருத்தர் கண்ணுலகூட ஒரு பொட்டுத் தண்ணி வரலியாம். எல்லாம் சிரிக்கிறாங்களாம்.”

அவர் தோசையைப் பிய்த்தார். பிய்த்த துண்டை வாயில் வைக்கவில்லை. ஆண்டவன் சில பேருக்கு நாக்கை அடக்குகிற வரம் கொடுப்பான். புத்தகம் படிக்கிறவனுக்கு அந்த வரம் கிடையாது. எதிரில் ஒருவர் கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“சிரிச்சாங்களா?”

“உருண்டு பொரண்டு சிரிச்சாங்களாம்.”

“எவ சொன்னது? நீலாயி எங்க செத்தா? கரையில ஓடத்த கவுத்துப் போட்டுட்டு, அதுக்கு அடியில போயி, துடுப்ப தலைக்கு வச்சிக்கிட்டுக் கொழந்த மாதிரி தூங்குறா. என் பக்கத்து சீட்டுல ஒரு போலீஸ்காரரு, அந்தாளு தேம்பித் தேம்பி அழுவுறாரு. சிரிச்சாங்களாம்ல.”

அடுப்பில் தோசை தீய்ந்தது. பூங்கோதை அதைத் திருப்பவில்லை. ‘என் பக்கத்து சீட்டு’ என்ற மூன்று வார்த்தையும் அடுக்களையில் அப்படியே நின்றது. குருமூர்த்தி மெதுவாகத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அதாவது… போன்ல ஒருத்தரு எழுதியிருந்தாரு…”

“புத்தகத்துல நீலாயி செத்துதானே போறா,” என்றாள் பூங்கோதை. “நான் சொன்னது புத்தகத்து முடிவு. வாசுகி படமே பாக்கல. நீங்க நெசமாவே படம் பாக்காதவரா இருந்தா, ‘அதயாவது புத்தகத்துல இருக்கிற மாதிரி எடுத்தானே’ன்னு சந்தோசப்பட்டிருப்பீங்க.”

குருமூர்த்தி தள்ளி வைத்த தட்டை மறுபடி கிட்டே இழுத்துக்கொண்டார்.

“அது போவட்டும். சூளையில பச்ச மண்ணு ஏது?” அவர் முழங்கையிலிருந்து காய்ந்த களிப் பொருக்கு ஒன்றை விரலால் உரித்துக் காட்டினாள். “எறக்குறதெல்லாம் வெந்த சாமான். வர்றவங்களுக்குக் கை செவந்திருக்கும், முடி கருகியிருக்கும். அச்சு ஊத்துற புள்ளைங்கதான் இப்பிடி வருவாங்க. இருவது வருசமா மேஸ்திரி. கொஞ்சம் யோசிச்சிப் பூசியிருக்கக் கூடாதா?”

கேட்க வேண்டிய கேள்வி அவருக்கும் ஒன்று இருந்தது. ஒரு பக்கம்கூடப் படிக்காதவளுக்குப் புத்தகத்தின் முடிவு எப்படித் தெரியும்?

“ஒவ்வொரு தடவ படிக்கிறப்பவும் கத முழுக்க எனக்குத்தான சொல்லுவீங்க. நான் கேக்கலன்னு நெனச்சீங்களா? டிவி பக்கத்துல அந்தப் பொம்ம எதுக்கு இருக்குதுன்னு நெனச்சீங்க?”

குருமூர்த்தி எட்டிப் பார்த்தார். முக்காடு போட்ட பொம்மை ஒன்று, ஒரு கண் மட்டும் எழுதி, இரண்டு வருஷமாக அங்கே நிற்கிறது. கம்பெனியில் கழித்துவிட்ட சாமான், பாதியில் விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். நன்றாகப் பார்த்தால் அதன் கையில் ஈர்க்குச்சி அளவுக்கு ஒரு துடுப்பு இருந்தது. அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினோரு தடவை படித்தவர் செய்யாததை, பதினோரு தடவை கேட்டவள் செய்து வைத்திருக்கிறாள். அவளைத்தான் உனக்குப் புரியாது என்று சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது.

பூங்கோதை அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது.

“அப்ப அவ சாவலீங்களா?”

“சாவல.”

“நெசமா?”

“நெசமாத்தான். தூங்குறா.”

“நீங்க கத சொல்லி அவ சாவுற எடம் வந்தா மட்டும் நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க,” என்றாள் பூங்கோதை. கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கி போறோம். உள்ளூரு தியேட்டருக்கு. ஹெல்மெட்டு வேணாம்.”

போனார்கள். வாசலில் நுழைந்ததுமே ஆனந்தராஜ் கையில் இரண்டு பாப்கார்னோடு எதிரே வந்தார். தலைவரும் செயலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்காணிக்க வந்தேன் என்றார் தலைவர். நானும் அதற்குத்தான் என்றார் செயலாளர். வட்டத்தின் மற்ற இரண்டு பேரும் அதே வரிசையில் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளைக்கு முன்னால் நீலாயி முந்தானையை எடுத்தபோது பூங்கோதை குருமூர்த்தியின் கையைப் பிடித்தாள். கடைசிக் காட்சியில் நீலாயி ஓடத்தைக் கவிழ்த்தபோது தண்ணீர் குடிக்க எழுந்து போகவில்லை. வெளியே வந்ததும், இந்தக் கண்ணை எழுதினவள் கைகாரி என்றாள். படத்தைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று குருமூர்த்திக்கே தோன்றியது.

பிராதுதான் பாக்கி. எட்டு நாளில் படம் தியேட்டரை விட்டு ஓடிவிடப் போகிறதே என்ற பதைப்பில், தியேட்டரிலிருந்து நேராக வண்டியை மணவாளநல்லூருக்கு விட்டார். கோயிலில் அதே சிப்பந்திதான் இருந்தார். குருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு, எதிரியின் மேல் தப்பில்லை, சமாதானம் ஆகிவிட்டது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தார். சிப்பந்தி வாங்கி வைத்துவிட்டு, அடுத்தது யார் என்று கேட்டார்.

“நான்தாங்க,” என்றாள் பூங்கோதை.

கைப்பையிலிருந்து அவளும் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். குருமூர்த்தி எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை கட்டிய பிராதுக்கு ராஜினாமா. எதிரி: குருமூர்த்தி, சூளை மேஸ்திரி. வழக்கு: ஒரே கதையைப் பதினோரு தடவை சொன்னவர், அது படமாக வந்திருக்கும்போது ஒரு தடவை அழைத்துக்கொண்டு போக மறுக்கிறார். நன்றாக வேண்டிக்கொள் என்று போனில் தானே சொல்லி அனுப்பியது குருமூர்த்திக்கு ஞாபகம் வந்தது.

சிப்பந்தி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே வீட்டு விலாசமாக இருக்கிறதே என்றார். அப்புறம் நோட்டைப் புரட்டி, வியாழக்கிழமை கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டதா, மூன்று நாள் என்று சொல்வேனே தவிர, சாமி இவ்வளவு சீக்கிரம் முடித்து நான் பார்த்ததே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

பூங்கோதை புருஷனைப் பார்த்துவிட்டு, பணிவாகச் சொன்னாள்.

“நான் சாமிக்கு மூணு மாசம் டயம் குடுத்துதாங்க கட்டினேன். இவருதான் மூணு நாளு தாங்கல.”